கொலு விளக்கும் 560 ஓம் ரெசிஸ்டரும்

கொலுப்படிக்காக ஒரு சிவப்பு எல்இடியை 12 வோல்ட் அடாப்டரில் நேராக இணைத்தேன். ஒரு நொடி பளிச்சென்று எரிந்து அணைந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே.

எல்இடி தானாகக் கரண்ட்டை மட்டுப்படுத்தாது. சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும்; அதற்கு மேல் கொஞ்சம் ஏறினாலே கரண்ட் எக்கச்சக்கமாக எகிறும். மீதி 10 வோல்ட்டைத் தாங்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும்; கரண்ட்டை மட்டுப்படுத்தும் சின்ன பாகம் அது, அதன் தடையை ஓமில் சொல்வார்கள். எனக்குத் தேவை 20 மில்லிஆம்பியர், அதாவது 0.02 ஆம்பியர் கரண்ட். 10-ஐ 0.02-ஆல் வகுத்தால் 500 ஓம். கடையில் அது இல்லை; அதற்கு அடுத்த 560 கிடைத்தது. அந்த மதிப்பைக் காட்ட அதன் மேல் நிறக் கோடுகள்: பச்சை, நீலம், பழுப்பு, கடைசியில் தங்கம்.

விளக்கு நின்று எரிந்தது. ஆனால் ரெசிஸ்டரைத் தொட்டால் சுட்டது. 560 ஓமில் 10 வோல்ட்டுக்கு ஓடுவது சுமார் 18 மில்லிஆம்பியர்; இரண்டையும் பெருக்கினால் 0.18 வாட் சூடாகிறது. என்னுடையதோ அதிகபட்சம் கால் வாட் தாங்கும் ரெசிஸ்டர். படித்துணிக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் எரிய இது சரிப்படாது என்று தோன்றியது.

அப்புறம் மூன்று எல்இடிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகக் கோத்தேன். அவையே 6 வோல்ட்டை எடுத்துக்கொண்டதால் 330 ஓம் போதுமாக இருந்தது. மூன்று விளக்குக்கும் சேர்த்தே ரெசிஸ்டரில் வீணாவது 0.11 வாட்தான். ஒன்பது நாளும் எரிந்தது, சூடும் அவ்வளவாக இல்லை.