சுவர்ப் பூச்சில் ஃபைபர்: எவ்வளவு, எப்படிக் கலப்பது

வெளிச்சுவரைப் பூசிய மறுநாள் காலையில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் ஓடியிருக்கும். கலவை இறுகுவதற்குள், முதல் சில மணி நேரத்தில், வெயிலும் காற்றும் மேல் ஈரத்தை இழுத்துவிடுவதால் வரும் விரிசல் அது. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபைபர் தடுப்பது முக்கியமாக இதைத்தான். தலைமுடியைவிட மெல்லிய இழைகள் எல்லாப் பக்கமும் பரவி நின்று, விரிசல் வாய் திறக்கும் இடத்திலேயே இரு கரையையும் பிடித்துக்கொள்கின்றன.

பூச்சுக்கு 6 மி.மீ. நீள இழை, 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 125 கிராம். கான்கிரீட்டுக்கு 12 மி.மீ. இழை, கன மீட்டருக்குச் சுமார் 900 கிராம். பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி போங்கள். வெளிப்பூச்சுக்கு 1:4 (ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல்) என்றால் மூட்டைக்கு 5 கன அடி மணல். பூச்சுக்கான எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) சலித்தே போடுங்கள். தூசு மிகுந்த மணலில் சுருக்கம் கூடும், அதை ஃபைபரால் ஈடுகட்ட முடியாது.

வேலை கெடுவது பெரும்பாலும் கலக்கும்போதுதான். பாக்கெட்டைப் பிரித்து அப்படியே கொட்டினால் இழைகள் பஞ்சு உருண்டைகளாகிவிடும். மணலையும் சிமெண்டையும் ஈரமில்லாமல் ஒரு முறை புரட்டுங்கள். பிறகு ஃபைபரை விரலால் பிய்த்துப் பிய்த்துப் பரவலாகத் தூவி, இன்னும் மூன்று முறை புரட்டுங்கள். அதன் பிறகே தண்ணீர், அதுவும் அரை மணி நேரத்தில் பூசி முடிக்கிற பங்குக்கு மட்டும். மிக்சராக இருந்தால் ஃபைபரைச் சிறிது சிறிதாகப் போட்டு, அதன் பிறகு 3 முதல் 5 நிமிடம் ஓடவிடுங்கள்.

சரியாகக் கலந்ததா என்று பார்க்க ஒரு கைப்பிடி கலவையை வாளித் தண்ணீரில் கரையுங்கள். இழைகள் தனித்தனியாக மேலே மிதந்தால் நல்லது. திரித்திரியாக வந்தால் இன்னும் புரட்ட வேண்டும்.

ஃபைபர் போட்ட கலவை கைக்குக் கெட்டியாகத் தெரியும். உடனே கொத்தனார் ஒரு குடம் தண்ணீர் கேட்பார். கொடுக்கவே கூடாது. கூடுதல் தண்ணீர் பலத்தையும் குறைக்கும், விரிசலையும் திரும்பக் கொண்டுவரும். இளக்கம் போதவில்லை என்றால் பிளாஸ்டிசைசர் திரவத்தை அதன் டப்பாவில் உள்ள அளவில் சேருங்கள்.

தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் சிக்கன் மெஷ் (மெல்லிய கம்பி வலை) கட்டாயம் வேண்டும். அந்த இரண்டும் வெவ்வேறு அளவில் அசைவதால் வரும் பிளவை 6 மி.மீ. இழை தாங்காது. கம்பிக்குப் பதிலாகவும் ஃபைபரைப் போட முடியாது; ஃபைபர் இருக்கிறது என்று ஸ்லாப் கம்பியைக் குறைப்பது ஆபத்து. கண்ணாடி இழை வாங்குவதானால் காரம் தாங்கும் ஜிர்கோனியா வகையா என்று கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி இழையைச் சிமெண்டின் காரம் நாளடைவில் அரித்துவிடும்.

பூசும் முன் சுவரை நன்றாக நனைத்துவிடுங்கள். உச்சி வெயிலில் பூச வேண்டாம். மட்டம் பார்த்தபின் திரும்பத் திரும்பத் தேய்த்தால் இழைகள் முள்போல வெளியே நிற்கும். கரண்டியைச் சாய்த்துப் பிடித்து ஒரே பக்கமாக இழுத்தால் படிந்துவிடும். மிச்சம் நிற்பவை பட்டி பார்க்கும்போது மறைந்துவிடும். பூச்சு இறுகியதும் தண்ணீர் காட்டத் தொடங்கி, குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வையுங்கள். மூட்டையில் PPC என்று போட்டிருக்கும், சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் 10 நாள்.