இலங்கைக்கு இரண்டாவது பயணம்: கண்டியில் அறை போடுவதும் மற்ற தவறுகளும்

கொழும்பு, கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை எல்லாம் முதல் தடவையிலேயே முடிந்துவிடும். இரண்டாம் முறை பழைய பௌத்தத் தலங்களுக்காகப் போகிறோம் என்று பெங்களூரிலிருந்து கிளம்பும் தமிழ்க் குடும்பங்களின் திட்டத்தை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே அச்சு. கண்டியில் நான்கு இரவு, அங்கிருந்து ஒரு நாள் அனுராதபுரம், இன்னொரு நாள் சிகிரியாவும் பொலன்னறுவையும். விவரம் தெரிந்தவர்களே தொடக்கத்தில் செய்த தவறு இது. புதிதாகப் போகிறவர்களும் அதையே செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. தொப்பி, தண்ணீர், கொசு மருந்து பற்றி இங்கே எழுதவில்லை, அவை யாருக்கும் தெரியும்.

கண்டியில் அறை போட்டு அனுராதபுரத்துக்கு ஒரு நாளில் போய்வருவது

இருப்பதிலேயே அதிகம் இழக்கவைக்கும் தவறு இதுதான். கண்டியிலிருந்து அனுராதபுரம் சுமார் 140 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் பெங்களூர்–மைசூர் தூரம்தான். ஆனால் மாத்தளை வரை மலைச்சாலை, வழியெல்லாம் ஊர்கள். மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. மாத்தளைப் பக்கம் வரிசையாக இருக்கும் ஸ்பைஸ் கார்டன் ஒன்றில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினால் இன்னும் முக்கால் மணி நேரம் போய்விடும். இட்லி சாப்பிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால் அங்கிருக்கும் பெரிய தாகபை (ஸ்தூபி) ருவன்வெலிசாயவின் வாசலில் இறங்கும்போது மணி பன்னிரண்டு.

அங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், தொப்பியையும் எடுக்க வேண்டும். தாகபையைச் சுற்றியிருக்கும் கல்தளம் அந்த நேரத்தில் தோசைக்கல். பெங்களூர் வெயிலுக்குப் பழகிய கால் இதைத் தாங்காது. மதிய வேளையில் அங்கே போய் நின்றால் காட்சி தெரியும்: அப்பா பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு குதிகாலால் ஓடுகிறார், அம்மா நிழல் கோட்டைப் பிடித்துக்கொண்டு நகர்கிறார், பாட்டி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் துட்டகைமுனு மன்னர் எழுப்பத் தொடங்கிய தாகபையைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு வேனுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நான்கு மணிக்குள் கண்டிக்குக் கிளம்பியாக வேண்டுமே! ஜேதவனாராமய தாகபையை வேன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள், அபயகிரி விகாரை விட்டுப்போகிறது. ஜேதவனாராமய கட்டியபோது சுமார் 122 மீட்டர் உயரம், 9 கோடிக்கு மேல் செங்கல். கீசாவின் இரண்டு பெரிய பிரமிடுகளை விட்டால் பழைய உலகில் அதைவிட உயரமான கட்டடம் இல்லை. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதற்கா விமான டிக்கெட் எடுத்தோம்?

இதைச் சரிசெய்வது எளிது. இந்தப் பயணத்தில் கண்டியையே எடுத்துவிடுங்கள், அதுதான் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டதே. விமானம் இறங்கும் கட்டுநாயக்க, கொழும்புக்கு வடக்கே இருக்கிறது. கொழும்பு ஊருக்குள் நுழையாமல் குருநாகல் வழியாக நேரே தம்புள்ளைக்குப் போய்விடலாம். தம்புள்ளை, சிகிரியா, ஹபரணை மூன்றில் ஏதாவது ஒன்றில் மூன்று இரவு தங்குங்கள். அங்கிருந்து பொலன்னறுவை 70 கிலோமீட்டருக்குள். பிறகு அனுராதபுரத்திலேயே இரண்டு இரவு.

அனுராதபுரத்து நாளை இரண்டாக வெட்ட வேண்டும். காலை ஆறுக்குள் புனித அரசமரமான ஸ்ரீ மகா போதி. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்த கிளை என்பது மரபு. நட்ட காலம் பதிவான மரங்களில் உலகிலேயே பழையது அதுதான். வெள்ளை உடுத்திய ஊர்க்காரர்கள் தட்டில் தாமரையோடு வரும் நேரம் அது. அங்கிருந்து பழைய துறவியர் மாளிகையான லோவமகாபாயவின் 1,600 கல்தூண்களைத் தாண்டி நடந்தே ருவன்வெலிசாய, அடுத்து தூபாராமய. ஒன்பதரைக்குள் முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மூன்றரைக்கு மேல் ஜேதவனாராமய, பிறகு அபயகிரி: சமாதி புத்தர், இரட்டைக் குளமான குட்டம் பொகுண, வாசற்படியில் செதுக்கிய அரைவட்டச் சந்திரவட்டக்கல். சீன யாத்ரிகர் பாகியான் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு ஆண்டு இலங்கையில் இருந்து அபயகிரியைப் பற்றி எழுதிவைத்தார். மாலையில் பார்க்கும் இந்த இடங்களுக்கிடையே தூரம் அதிகம், நடக்க முடியாது. வாடகை சைக்கிள் அல்லது ஆட்டோ பிடியுங்கள். இரவு விளக்கொளியில் ருவன்வெலிசாயவை இன்னொரு தடவை பாருங்கள், அப்போது கல் குளிர்ந்திருக்கும். மறுநாள் விடியலில் 12 கிலோமீட்டர் தள்ளி மிகிந்தலை, 1,840 படி. வண்டி பாதி உயரம் வரை போகும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுவே போதும்.

பையில் ஆளுக்கு ஒரு ஜோடி பழைய பருத்தி சாக்ஸ் இருக்கட்டும். செருப்புதான் கூடாது, சாக்ஸுக்குத் தடையில்லை.

டிசம்பர் விடுமுறையில் போவது

முதல் தடவை கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெந்தோட்டையில் நல்ல வெயில் அடித்திருக்கும், அதை நம்பி மறுபடியும் டிசம்பரில் டிக்கெட் போடுகிறார்கள். மேற்கு, தெற்குக் கரைகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அனுராதபுரம், பொலன்னறுவை இருக்கும் வடக்கு, கிழக்குப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை. பெங்களூர் மழைக்கணக்கு இங்கே உதவாது, சென்னைக் கணக்கைப் போடுங்கள். சென்னையில் எப்போது மழையோ, அனுராதபுரத்திலும் ஏறக்குறைய அப்போதே. தசரா விடுமுறைக்கும் இது பொருந்தும், அக்டோபர் நடுவிலிருந்து தீவு முழுக்க மழை பிடித்துக்கொள்ளும்.

பிப்ரவரி, மார்ச் நல்லது. பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால் ஏப்ரல் கடைசி வாரம். ஏப்ரல் 13, 14 வேண்டாம், சிங்கள, தமிழ்ப் புத்தாண்டுக்குக் கடைகளெல்லாம் பூட்டிக் கிடக்கும். ஆகஸ்டில் வெயிலும் காற்றும் உண்டு, ஆனால் மழை குறைவு. ஹபரணைக்குப் பக்கத்தில் மின்னேரியா குளத்தில் யானைக் கூட்டம் சேர்வதும் அப்போதுதான்.

போயா தேதி பார்க்காமல் அறை எடுப்பது

போயா என்றால் பௌர்ணமி. ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே பொது விடுமுறை, மது விற்பனை கிடையாது. ஜூன் பௌர்ணமி பொசன். அசோகரின் மகன் மகிந்த தேரர் மிகிந்தலைக்கு வந்த நாள் என்பதால் அனுராதபுரமும் மிகிந்தலையும் லட்சக்கணக்கான யாத்ரிகர்களால் நிறைந்துவிடும். அந்தக் கூட்டத்தையும், வழியெங்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் தன்சல்களையும் பார்க்க விரும்பினால் பல மாதம் முன்பே அறை எடுங்கள். விருப்பமில்லையென்றால் அந்த வாரத்தையே தவிர்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டை ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வருவது

சிகிரியா, பொலன்னறுவை, அனுராதபுரம் மூன்றிலும் வெளிநாட்டவர் கட்டணம் டாலர் கணக்கில் இருக்கும். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் குறைவு. ஆனால் கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், ஆதாரை நீட்டிப் பயனில்லை. நால்வர் குடும்பம் மூன்று இடத்திலும் முழுக் கட்டணம் கட்டினால் நல்ல ஹோட்டலில் ஓர் இரவு தங்கும் காசு போய்விடும். டிக்கெட் அந்த ஒரு நாளுக்கு மட்டுமே. பொலன்னறுவையில் டிக்கெட் கொடுப்பது அருங்காட்சியகத்தில். வண்டியை நேரே இடிபாடுகளின் வாசலுக்கு விட்டால் திரும்பி வர வேண்டியிருக்கும். தம்புள்ளைக் குகைக்கோயிலிலும் டிக்கெட் எங்கே என்று கீழேயே கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

பொலன்னறுவையில் கல் விகாரையோடு திரும்புவது

12-ஆம் நூற்றாண்டு மன்னர் பராக்கிரமபாகு காலத்தில் ஒரே பாறையில் குடைந்த நான்கு உருவங்கள், கிடந்த கோலம் மட்டுமே 14 மீட்டர். அதைப் பார்த்ததும் போதும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டாம் சிவ தேவாலயத்தைத் தவறவிடவே கூடாது. அந்த ஊரில் நிற்கும் கட்டடங்களில் பழையது அதுதான், 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் கற்றளி. கல்வெட்டில் வானவன்மாதேவி ஈஸ்வரம் என்று பெயர். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றால் தமிழ் எழுத்துகள் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிறு கோயில் ஒன்றைத் தூக்கிவந்து காட்டுக்குள் வைத்தது போல் இருக்கும். பழைய கோயில் வளாகமான தலதா மளுவையில் வேளைக்காரர் கல்வெட்டும் இருக்கிறது. புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று தமிழ்ப் படையினர் தமிழில் பொறித்த வாக்கு. இது தெரியாமல் வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். டிரைவரிடம் காலையிலேயே இரண்டு இடத்தின் பெயரையும் சொல்லிவையுங்கள், சொல்லாவிட்டால் வண்டி நிற்காது.

புத்தருக்கு முதுகு காட்டிப் படம்

வேண்டாம். 2012-இல் சிலைக்கு முத்தமிடுவது போல் படமெடுத்த பிரெஞ்சுப் பயணிகளுக்கு காலி நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்டில் கையில் புத்தரைப் பச்சை குத்திக்கொண்டவர்கள் முழுக்கைச் சட்டை போடுங்கள். 2014-இல் அப்படிப் பச்சை குத்தியிருந்த பிரிட்டன் பெண் ஒருவரை விமான நிலையத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது ஆண்களுக்கும் உண்டு.

சிகிரியாவுக்குப் பத்து மணிக்கு

பாறையின் உச்சி வரை 1,200 படி. கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள்.

சிகிரியாவில் குளவிக்கூட்டுக்குக் கீழே சத்தம்

கூடாது.

டிரோன்

வீட்டிலேயே இருக்கட்டும்.

விசா போன தடவை போலத்தான் என்று இருப்பது

இந்தியர்களுக்கான விதி அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டது. விமான டிக்கெட் எடுக்கும் முன் இலங்கை அரசின் இ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) தளத்தைப் பாருங்கள்.

கடைசி நாளில் நேரம் வைக்காதது

அனுராதபுரத்திலிருந்து கட்டுநாயக்க சுமார் 170 கிலோமீட்டர். புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக வாருங்கள், கொழும்பைத் தொட வேண்டியதில்லை. சாலைக்கு ஐந்து மணி நேரம், விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம். இரவு ஒன்பது மணி விமானம் என்றால் மதியம் ஒரு மணிக்கு வண்டி கிளம்பியிருக்க வேண்டும்.