பாட்டியின் தோழியைப் பற்றி எழுதுவது எப்படி

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்துச் சென்னையில், மணவாழ்வில் நிறைவு காணாத இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாக நின்ற கதை, பல குடும்பங்களில் "அந்த அம்மா நமக்கு ரொம்ப வேண்டியவங்க" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிக் கிடக்கிறது. அதை விரித்து எழுத முனைகிறவர்கள், "பாட்டி தாத்தாவோடு சந்தோஷமாக இருந்தாரா?" என்று எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது. "அவங்களுக்கு என்ன குறை?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தத் தோழிகள் இன்று பெரும்பாலும் உயிரோடு இல்லை என்பதால், எழுபது எண்பது வயதாகும் அவர்களுடைய மகள்களிடமே கேட்க வேண்டியிருக்கும். வீட்டு ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பாட்டி பிரசவித்துப் படுத்திருந்தபோது மூத்த பிள்ளைக்குத் தலைவாரிவிட்டது யார், தாத்தா சம்பளத்தைக் கையில் தராத மாதத்தில் கைமாற்று யாரிடம் வாங்கினார், அடகு வைக்க யாருடைய வளையல் போனது என்று கேட்டால், ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனங்களில் கிணறும் முற்றமும் பொதுவாக இருந்ததால், கணவன் குரலை உயர்த்தியது அடுத்த பகுதிக்காரிக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

பரணில் இருக்கும் பாத்திரங்களையும் இறக்கிப் பாருங்கள். பித்தளைக் குண்டானின் விளிம்பில் உங்கள் குடும்பத்தில் யாருக்கும் பொருந்தாத முன்னெழுத்துகள் வெட்டப்பட்டிருந்தால், அது யார் வீட்டுச் சீர்வரிசை, ஏன் திரும்பிப் போகவில்லை என்று விசாரியுங்கள். கடிதங்களைவிட இதையே நான் நம்புவேன். கணவர் பிரித்துப் படிக்கக்கூடிய கடிதத்தில் எந்தப் பெண்ணும் மனம்விட்டு எழுதியிருக்க மாட்டாள்.

ஆண்டு நினைவில்லை என்பவர்களுக்குச் சில அடையாளங்கள் கைகொடுக்கும். ஜப்பானியர் தாக்குவார்கள் என்ற பயத்தில் ஊரே காலியான 'இவாக்குவேஷன்' 1942 ஏப்ரலில் நடந்தது. பெண்களும் பிள்ளைகளும் கிராமத்துக்குப் போக, ஆண்கள் வேலைக்காக நகரத்தில் தங்கிய வீடுகள் பல என்பதால், திரும்பி வந்த பிறகு தம்பதியரிடையே என்ன மாறியிருந்தது என்பதையும் இங்கேயே கேட்டுவிடலாம். ரேஷன் அரிசி வரிசையில் சேர்ந்து நின்றார்கள் என்றால், பெரும்பாலும் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிய 1952 ஜூனுக்கு முந்தைய கதை அது. டிராமில் சேர்ந்து போனார்கள் என்றால் 1953-க்கு முந்தையது. அஞ்சல்தலையில் விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன் அச்சானது.

"அவ்வளவு கஷ்டத்தில் ஏன் பிரிந்து போகவில்லை?" என்று இன்றைய வாசகர் கேட்பார். சில சாதிகளின் வழக்கத்தில் அறுத்துக்கட்டுவது, அதாவது பழைய மண உறவை முறித்துக்கொண்டு மறுமணம் செய்வது, இருந்தாலும், பொதுவாக இந்துப் பெண்களுக்குச் சென்னை மாகாணத்தில் விவாகரத்து உரிமை சட்டமாக வந்தது 1949-இல்தான். நாடு தழுவிய இந்து திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. சட்டம் வந்த பிறகும் கையில் வருமானமும் போக வீடும் இல்லாதவள் எங்கே போவாள் என்பதை அந்தந்தக் குடும்பத்தின் நிலையை வைத்து எழுதுங்கள்.

அந்த நட்புக்கு நீங்களாக ஒரு பெயர் சூட்ட வேண்டாம். "அக்கம்பக்கத்துப் பழக்கம்" என்று குறுக்கவும் வேண்டாம். எழுதி முடித்ததும் தோழியின் வாரிசுகளிடம் படிக்கக் கொடுங்கள். அவர்கள் தயங்கினால் பெயரையும் தெருவையும் மாற்றிவிட்டு, கைமாற்றையும் வளையலையும் அப்படியே விட்டுவைக்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.