நாற்பதுக்கு மேல் குறி பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பல வருஷமாக ஏர் பிஸ்டல் சுடுகிறவர்கள் 43, 44 வயதில் ஏறக்குறைய ஒரே புகாரோடு வருவார்கள். “ஃப்ரன்ட் சைட் மங்கலாத் தெரியுது சார், டார்கெட் மட்டும் பளிச்னு இருக்கு.” குழல் நுனியில் நிமிர்ந்து நிற்கும் குறிமுனைதான் ஃப்ரன்ட் சைட். கை நடுங்குகிறதோ, பயிற்சி குறைந்துவிட்டதோ என்று கொஞ்ச நாள் குழம்புவார்கள். ட்ரிகரைத் தளர்த்திப் பார்ப்பார்கள், பெல்லட் பிராண்டை மாற்றிப் பார்ப்பார்கள். கடைசியில்தான் கண்ணில் சந்தேகம் வரும். வெள்ளெழுத்து வந்திருக்கும்.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் நெகிழ்வாக இருப்பதால் கிட்டேயும் தூரத்திலும் நொடியில் மாறி மாறிப் பார்க்க முடிகிறது. வயது ஏற ஏற அது இறுகுகிறது. சிறுவயதில் 14 பவர் வரை தானாகக் கூட்டிக்கொள்ளும் கண், நாற்பதில் நாலைந்து பவர்தான் கூட்டும். அறுபதில் ஒன்று கூட்டினாலே பெரிது. இது நோய் இல்லை, எல்லோருக்கும் வருவது. ஆனால் துப்பாக்கி சுடுகிறவருக்கு இது புத்தகம் படிக்கிறவரை விடவும் வேறு விதமாகத் தொல்லை தரும். கண் பக்கம் பள்ளமாக இருக்கும் ரியர் சைட், அந்தப் பள்ளத்தின் நடுவே தெரிய வேண்டிய ஃப்ரன்ட் சைட், டார்கெட் என்று மூன்று தூரங்களில் இருக்கும் மூன்று பொருட்களை அவர் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியிருக்கிறது.

முதல் தவறு, எல்லாத் தவறுகளுக்கும் தாய் மாதிரியான தவறு, டார்கெட் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பது. கண் டாக்டரிடம் போய் “பத்து மீட்டர் தூரத்துல இருக்குறது நல்லாத் தெரியணும்” என்று கேட்டால், அவர் சுத்தமான தூரப்பார்வைக் கண்ணாடியை எழுதிக் கொடுப்பார். அதைப் போட்டுக்கொண்டு வந்தால் டார்கெட்டின் கறுப்பு வட்டம் கத்தி மாதிரி தெரியும், ஃப்ரன்ட் சைட் பஞ்சாகத் தெரியும். ஸ்கோர் இன்னும் இறங்கும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏர் பிஸ்டலில் ரியர் சைட்டுக்கும் ஃப்ரன்ட் சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. இருக்கும். ஃப்ரன்ட் சைட் பள்ளத்தின் நடுவே நிற்காமல் அரை மி.மீ. ஒரு பக்கம் சாய்ந்தால், பத்து மீட்டரில் அது 15 மி.மீ. விலகலாகப் போய் நிற்கும். டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 8 மி.மீ.தான். அதாவது கண்ணில் எளிதில் படாத அரை மி.மீ. சாய்வு கிட்டத்தட்ட இரண்டு புள்ளியைத் தின்றுவிடுகிறது. இப்போது மறுபக்கம் பாருங்கள். சைட்டுகள் இரண்டும் சரியாக நேர்கோட்டில் இருந்து, கை மட்டும் மொத்தமாக 5 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 5 மி.மீ.தான் நகரும். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் 4.5 மி.மீ.; ஓரம் தொட்டாலே பத்து. கை அவ்வளவு ஆடியும் அது பத்துதான்! டார்கெட் மங்கினால் நஷ்டம் கொஞ்சம், ஃப்ரன்ட் சைட் மங்கினால் நஷ்டம் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற தவறுகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

சரி, ஃப்ரன்ட் சைட்தானே தெளிவாக வேண்டும், வீட்டில் இருக்கும் படிக்கிற கண்ணாடியைப் போட்டால் ஆகாதா? ஆகாது. இது இரண்டாவது தவறு. +2.50 பவர் படிக்கிற கண்ணாடி 40 செ.மீ. தூரத்துக்கு, செய்தித்தாள் பிடிக்கும் தூரத்துக்குச் செய்யப்பட்டது. கையை நீட்டிப் பிடித்த ஏர் பிஸ்டலின் ஃப்ரன்ட் சைட் கண்ணிலிருந்து 85 முதல் 100 செ.மீ. தள்ளி இருக்கிறது. அந்தக் கண்ணாடியில் சைட்டும் மங்கும், டார்கெட்டோ சாம்பல் நிற மேகமாகிவிடும்.

தேவையான பவரை நீங்களே தோராயமாகக் கணக்கிடலாம். ஒரு மீட்டரை, ஃப்ரன்ட் சைட்டின் தூரத்தால் வகுங்கள். 90 செ.மீ. என்றால் 1.1 வரும். இதை அப்படியே தூரப்பார்வைப் பவரோடு கூட்டினால் ஃப்ரன்ட் சைட் மிகத் தெளிவாக வரும், ஆனால் டார்கெட் ரொம்பவும் கரைந்துவிடும். அதனால் அதில் பாதியை மட்டும் கூட்டுகிறார்கள். தெளிவு சைட்டுக்கும் டார்கெட்டுக்கும் நடுவில் எங்கோ விழும், இரண்டும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சம் மங்கும், அந்த மங்கலைக் கண்பாப்பாவின் சுருக்கம் சமாளித்துவிடும். கண்ணில் இன்னும் கொஞ்சம் நெகிழ்வு மிச்சம் இருந்தால் அது சைட்டை முழுத் தெளிவுக்கு இழுத்துக்கொள்ளும். பாதிக் கணக்கு ஏர் பிஸ்டலுக்கும், ஃப்ரன்ட் சைட் ஒரு மீட்டர் வாக்கில் இருக்கும் ரைஃபிளுக்கும் +0.50 அளவில் நிற்கும். இரு கையால் பிடிக்கும் குட்டையான பிஸ்டலில் சைட் 70 செ.மீ. அளவில் இருப்பதால் +0.75. வெறும் கண்ணுக்கு நல்ல தூரப்பார்வை உள்ளவர் இதை மட்டும் போட்டால் போதும். ஏற்கெனவே -2.00 போடுகிறவருக்கு இது -1.50 ஆகும். ஒரு திசையில் மட்டும் பார்வை கலங்குவதைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் இருந்தால் அதை அப்படியே முழுதாகச் சேர்க்கச் சொல்லுங்கள். “சின்னப் பவர்தானே, விட்டுடலாம்” என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃப்ரன்ட் சைட்டின் நிமிர்ந்த ஓரங்களையும் தட்டையான தலையையும் பிரித்துக் காட்டுவதே அந்தச் சிலிண்டர்தான்.

கணக்கு தோராயம்தான். உறுதிசெய்வது ரேஞ்சில். நிற்கும் நிலையில் கையை நீட்டி, கண்ணின் ஓரத்திலிருந்து ஃப்ரன்ட் சைட் வரை கூட இருப்பவரை டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை எழுதிக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள். பிஸ்டலைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், வாசலிலேயே பெரிய கலவரமாகிவிடும். ஒரு அட்டைக் குச்சியின் நுனியில் 4 அல்லது 5 மி.மீ. அகலத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டி, அளந்த தூரத்தில் நீட்டிப் பிடித்துக் காட்டினால் போதும். 0.25, 0.25 ஆக லென்ஸை மாற்றும்போது டேப்பின் ஓரம் எந்தப் பவரில் கூர்மையாகிறது, அதே நேரம் எதிர்ச் சுவரில் உள்ள கறுப்பு வட்டம் வட்டமாகவே தெரிகிறதா என்று இரண்டையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் குறைந்த பவரை எடுங்கள்.

மூன்றாவது தவறு ப்ரோக்ரெஸிவ் கண்ணாடியோடு சுடுவது. தினசரி வாழ்க்கைக்கு அது வசதியானதுதான். ஆனால் அதில் ஒவ்வொரு உயரத்துக்கும் ஒவ்வொரு பவர் இருக்கிறது. தலையை ஒரு சிறிது தாழ்த்தினாலோ நிமிர்த்தினாலோ சைட்டின் தெளிவு மாறும். ஃப்ரன்ட் சைட்டைத் தேடித் தலையைப் பின்னுக்குச் சாய்க்கப் பழகிவிடுவீர்கள், கழுத்து வலி இலவசம். போதாததற்குப் பிஸ்டல் சுடும்போது உடம்பு பக்கவாட்டில் நிற்பதால், சாதாரண ஃப்ரேமில் லென்ஸின் நடுவே பார்க்காமல் ஓரத்தின் வழியாகவே பார்க்கிறோம். படுத்துச் சுடும் ரைஃபிளில் இன்னும் மோசம். லென்ஸின் மேல் மூலைதான் கிடைக்கும். ஓரத்தில் பவரும் பிசகும், பிம்பமும் நகரும். இதற்காகத்தான் வட்ட லென்ஸ் ஒன்றை மட்டும் தாங்கி, இஷ்டத்துக்குத் திருப்பக்கூடிய ஷூட்டிங் ஃப்ரேம்கள் வருகின்றன. நாப்லாக், சாம்பியன், வர்கா எல்லாம் அந்த வகை. பார்வைக் கோடு லென்ஸின் நடுவில் நேராக விழும்படி அதைத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பாமல் மூக்கின் மேல் சும்மா மாட்டிக்கொண்டால் கொடுத்த காசு வீண்.

இங்கே யாராவது யூசுஃப் டிகெச் பேரை எடுப்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 51 வயதில், ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு நின்று கலப்பு ஏர் பிஸ்டலில் வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர். அந்தப் படத்தைப் பார்த்து “அவருக்கே எதுவும் தேவைப்படலையே” என்று முடிவுகட்டியவர்கள் நிறைய. அந்தக் கண்ணாடிக்குள் என்ன பவர் இருந்தது என்று படத்தில் தெரியாது. இரண்டு கண்ணையும் திறந்து சுடுவது அவர் வழக்கம், அதற்குப் பின்னால் பல வருஷப் பழக்கம் இருக்கிறது. அதே பாரிஸில் ஜார்ஜியாவின் நினோ சலுக்வாட்ஸே 55 வயதில் தனது பத்தாவது ஒலிம்பிக்கில் சுட்டார். முதல் ஒலிம்பிக் 1988 சியோல். நம் பக்கம் உத்தரப் பிரதேசத்தின் ஜோரி கிராமத்துச் சந்திரோ தோமர் பாட்டி, அறுபதைத் தாண்டிய பிறகுதான் பிஸ்டலையே தொட்டார். வயதானால் முடியாது என்பதற்கு இவர்கள் பதில். கண்ணாடி தேவையில்லை என்பதற்கு அல்ல.

ஐரிஸ் என்ற சின்னத் துளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடி லென்ஸுக்கு முன்னால் மாட்டும் இந்தத் துளையைச் சுருக்கினால் கிட்டேயும் தூரேயும் ஒருசேரத் தெளிவு கூடும். கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. வாங்கும் முன் சோதிக்க வேண்டுமானால், பழைய கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டி, பார்வை போகும் இடத்தில் ஒன்றரை மி.மீ. அளவில் ஒரு துளை போட்டுப் பாருங்கள். தவறு எங்கே வருகிறதென்றால், தெளிவு கூடுகிறதே என்று திருகிக்கொண்டே போவதில்தான். ஒரு மி.மீ.க்குக் கீழே போனால் வெளிச்சம் செத்துவிடும், ஒளிச்சிதறலால் ஓரங்களும் மறுபடி மங்கும். வயதானால் கண்பாப்பாவே சுருங்கிவிடுகிறது. அறுபது வயதுக் கண்ணுக்குள் இருபது வயதுக் கண்ணை விட மிகக் குறைந்த வெளிச்சம்தான் போகிறது. உள்ளரங்க ரேஞ்சில் இது நன்றாகத் தெரியும். சைட்டின் ஓரம் கூர்மையாகும் வரை திருகுங்கள், இருட்டத் தொடங்கியதும் ஒரு படி திறந்துவிட்டு நிறுத்துங்கள்.

மற்றக் கண்ணை இறுக்கி மூடுவதும் வேண்டாம். முகத் தசை இழுத்து, சுடும் கண்ணும் சேர்ந்து களைத்துப் போகும். கறுப்பு மறைப்பும் நல்லதில்லை. ஒரு கண்ணை இருட்டில் வைத்தால் இரண்டு கண்பாப்பாவும் சேர்ந்து விரியும், சைட்டின் தெளிவு குறையும். வெளிச்சம் புகும் வெள்ளை மறைப்பைப் போட்டு இரண்டு கண்ணையும் திறந்தே வையுங்கள். போட்டியில் அதன் அகலம் 30 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது.

பிஸ்டலின் சைட்டையே மாற்றாமல் விடுவது இன்னொரு தவறு. இருபது வயதில் ரியர் சைட் பள்ளத்தின் இரு பக்கமும் நூல் அளவு வெளிச்சம் போதுமாக இருந்திருக்கும். ஐம்பதில் அந்த நூல் மறைந்துபோகும். பள்ளத்தை அகலப்படுத்துங்கள், நல்ல போட்டிப் பிஸ்டல்களில் அதற்கென்று திருகாணி உண்டு. கறுப்பு வட்டத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு குறி வைப்பவர்கள், நடுவில் தாராளமாக வெள்ளை விட்டுக் கீழே இறக்கி வையுங்கள், சைட்டைத் திரும்ப அட்ஜஸ்ட் செய்துகொண்டால் போயிற்று. ரைஃபிள்காரர்களும் ஃப்ரன்ட் சைட்டாக இருக்கும் வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம்.

குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி ஒன்றைக் காட்டும் ரெட் டாட் சைட் போட்டால் எல்லாம் தீரும் என்பார்கள். ஒரே தூரத்தில் பார்த்தால் போதும் என்பதால் வெள்ளெழுத்துக்கு அது உண்மையிலேயே நல்லது, தூரப்பார்வைக் கண்ணாடியே போதும். ஆனால் ஒலிம்பிக் விதிப்படி நடக்கும் பிஸ்டல் போட்டிகளில் அனுமதி கிடையாது. பவர் லென்ஸையும் பிஸ்டலில் மாட்ட முடியாது, கண்ணாடியில்தான் இருக்க வேண்டும். பொழுதுபோக்காகப் பயன்படுத்துபவருக்குப் புள்ளி நட்சத்திரமாகவோ காற்புள்ளியாகவோ சிதறித் தெரிந்தால், சைட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் குண்டு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போன் கேமராவில் அதைப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு உங்கள் கண்ணின் சிலிண்டரில்.

பிடித்த குறியை விடாமல் முறைத்துக்கொண்டே இருப்பது இளவயதுக்காரரும் செய்யும் தவறுதான், வயதானவரை அது சீக்கிரம் தண்டிக்கும். ஏழெட்டு நொடிக்கு மேல் ஒரே இடத்தைப் பார்த்தால் பிம்பம் மங்குகிறது. கண் இமைக்க மறந்துபோகிறது, ஏசி காற்றில் கண்ணீர் காய்கிறது. அந்த ஏழெட்டு நொடி தாண்டினால் கையை இறக்குங்கள், இமையுங்கள், சும்மா சுவரைப் பாருங்கள். ஷாட்டுக்கு ஷாட் போனை எடுத்துப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒன்று. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸின் நீர்ச்சத்து மாறி, பவரே கூடிக் குறையும். கட்டுக்குள் வந்து சில வாரம் கழித்துத்தான் ஷூட்டிங் கண்ணாடிக்கு அளவு எடுக்க வேண்டும். அதேபோல் கண்புரை ஆபரேஷனுக்கு முன்பே, சுடுகிறவன் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பல தூரம் காட்டும் மல்ட்டிஃபோகல் லென்ஸில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும், கறுப்பு வெள்ளை வேறுபாடு மட்டுப்படுவதும் சிலருக்கு உண்டு. தூரத்துக்கு மட்டும் வைக்கும் சாதாரண லென்ஸ் போட்டுக்கொண்டு, ரேஞ்சில் மேலே அந்த +0.50ஐ மாட்டுவது சுடுகிறவருக்குப் பெரும்பாலும் தோதாக இருக்கும். எந்தக் கண்ணில் முதலில் ஆபரேஷன் என்பதும் முக்கியம், சில சமயம் ஆதிக்கக் கண்ணே, அதாவது குறி பார்க்க மூளை முதலில் நம்பும் கண்ணே, மாறிவிடும்.

கடைசியாக, போட்டிக்குப் போகிறவர்கள் பலர் கவனிக்காத ஒன்று. கண்ணில் அழுத்தம் கூடும் க்ளாக்கோமாவுக்கு டிமோலால் சொட்டு மருந்து பரவலாகக் கொடுக்கிறார்கள். அது பீட்டா ப்ளாக்கர் வகை. இதயத்துடிப்பைக் குறைத்துக் கையை நிதானமாக்கும் என்பதால், துப்பாக்கி சுடுதலில் போட்டி நாளிலும் மற்ற நாளிலும் அது தடை செய்யப்பட்டது. கண்ணில் விடுவதும் கணக்கில் சேரும். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாத்திரைகளும் அதே பட்டியல்தான். இதைப் படித்துவிட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், க்ளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. டார்சோலமைடு, ப்ரின்சோலமைடு போன்ற சொட்டு மருந்துகளைக் கண்ணில் விடத் தடையில்லை, அதற்கு மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். வாங்கும்போது பாட்டிலின் சிறிய எழுத்தையும் படியுங்கள். அதே டார்சோலமைடோடு டிமோலால் கலந்த பாட்டிலும் கடையில் இருக்கிறது. மாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னால், போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் மருத்துவ விலக்குக்கு விண்ணப்பித்துப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.