கப்பிங்கில் கொப்புளம் வந்தால் ஈரம் இறங்கியது என்று அர்த்தமா?

தென்சீனாவின் குவாங்டோங் பக்கம் வசந்த காலத்தில் சுவரும் தரையும் வியர்த்து ஊற்றும். அந்த நாட்களில் உடம்பு கனத்து, நாக்கில் மாவு படிந்து, மலம் பிசுபிசுத்துப் போனால் ‘உடம்பில் ஈரம் ஏறிவிட்டது’ என்பார்கள், அப்புறம் ‘கப்பிங்’ செய்துகொள்ள, அதாவது உள்ளே தீ காட்டிய கண்ணாடிக் குவளைகளை முதுகில் கவிழ்த்துத் தோலை உறிஞ்ச வைத்துக்கொள்ளப் போவார்கள். வைக்கட்டும். ஆனால் கொப்புளம் கிளம்பினால் ‘ஈர நஞ்சு வெளியே வருகிறது’ என்று சந்தோஷப்படுவதுதான் இதில் ஆகப்பெரிய தவறு.

உறிஞ்சல் கூடிப்போனாலோ குவளையை நெடுநேரம் விட்டுவிட்டாலோ தோலின் மேலடுக்கு பிரிந்து நீர் கோர்க்கும், விளிம்பு சூடேறியிருந்தால் அது வெறும் தீப்புண். 5 முதல் 10 நிமிடம் போதும், அதற்குள்ளேயே எரிச்சல் தெரிந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள், வந்த கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

நிறத்தை வைத்து ஜோசியம் பார்ப்பதும் இதே ரகம்தான். கருஞ்சிவப்பாக வந்தால் ஈரம் அதிகம் என்பார்கள், உண்மையில் அது தோலுக்கடியில் நுண் இரத்தக்குழாய்கள் கசிந்த தடம், எவ்வளவு இழுத்தார்கள், எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்த வட்டங்களும் அப்படி வந்தவைதான். பழைய தடம் மறையும் முன் அதே இடத்தில் மறுபடி வைக்க வேண்டாம்.

சரி, சீன மருத்துவக் கணக்குப்படியே பார்த்தாலும் ஈரம் தேங்குவது மண்ணீரலின் பலவீனத்தால், செரிமானத்தைப் பார்த்துக்கொள்வது அதுதான் என்பது அவர்கள் கணக்கு. அப்படியிருக்க, ஐஸ் பானமும் எண்ணெய்ப் பலகாரமும் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தால் குவளை என்ன செய்யும்? நவீன மருத்துவத்தில் இந்த ‘ஈரத்தை’ அளக்கும் பரிசோதனையே கிடையாது, ஆனால் ஓயாத அசதிக்கும் வீக்கத்துக்கும் பின்னால் தைராய்டோ இரத்தசோகையோ இருக்கலாம், அதற்குப் பரிசோதனை உண்டு, அதை முதலில் செய்துவிடுங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் கூடாது. புண், புடைத்துச் சுருண்ட இரத்தக்குழாய் (வெரிகோஸ்) உள்ள இடங்களிலும் வைக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம். குவளையை வெடுக்கென்று பிடுங்காமல், விளிம்போரம் தோலை அழுத்திக் காற்றை உள்ளே விட்டால் தானே கழன்றுவிடும்.

கீறி இரத்தம் எடுக்கும் வகை என்றால் ஊசியை உங்கள் கண்முன் புதிதாகப் பிரிக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.