நெறிச்சூழல் ஆய்வுகளைத் தொகுத்தபோது வந்த சிக்கல்: என் அனுபவம்

நிறுவனங்களின் நெறிச்சூழலுக்கும் (எது சரி, எது தவறு என்பது இங்கே எப்படி முடிவாகிறது என்று ஊழியர்கள் உணரும் சூழல்) ஊழியர்களின் பணித்திருப்திக்கும் என்ன தொடர்பு என்று பல ஆய்வுகளைத் திரட்டி மெட்டா பகுப்பாய்வு செய்தேன், அதாவது அவற்றின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஒன்றாகத் தொகுத்தேன். சராசரி ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று -1 முதல் 1 வரை காட்டும் எண்) பூஜ்யத்தை ஒட்டி வந்து நின்றது. ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடோ ஏகத்துக்கும் இருந்தது.

காரணம் அளவுகோலில் இருந்தது. நெறிச்சூழலை அளக்கும் கேள்வித்தாளை உருவாக்கிய ஆய்வாளர்கள் விக்டரும் கல்லனும் 1988இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து வகைச் சூழல்கள் பிரிந்து வந்தன: அக்கறை, சட்டமும் தொழில்நெறியும், நிறுவன விதிகள், சுயமுடிவு, ஆதாயம். 'இங்கே அவரவர் நலன்தான் முக்கியம்' என்பது ஆதாயச் சூழல். அங்கே திருப்தி குறைகிறது. அக்கறைச் சூழலில் கூடுகிறது. இரண்டையும் சேர்த்து 'நெறிச்சூழல்' என்று ஒரே எண்ணாக்கினால் ஒன்றையொன்று அடித்துவிடும்.

அதனால் கட்டுரை சூட்டிய பெயரை விட்டுவிட்டு, உள்ளே கேட்கப்பட்ட கேள்விகளையே படித்து வகை பிரித்தேன். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது. பிரித்ததுமே எதிர்க்குறிகள் ஒரு பக்கமும் நேர்க்குறிகள் இன்னொரு பக்கமும் தெளிவாக ஒதுங்கின.

அப்புறம் நம்பகத்தன்மைத் திருத்தம்: அளவுகோலின் பிழையால் குறைந்து தெரியும் ஒட்டுறவைச் சரிசெய்வது. ஒட்டுறவு 0.30, இரண்டு அளவுகோல்களின் ஆல்ஃபா (நம்பகத்தன்மையைக் காட்டும் எண்) 0.70, 0.80 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் 0.56; அதன் வர்க்கமூலத்தால் 0.30ஐ வகுத்தால் சுமார் 0.40. சின்ன வித்தியாசம் இல்லை இது.

ஒரே ஆட்களிடமிருந்து பல ஒட்டுறவுகள் வந்த இடங்களுக்கு மூன்றடுக்கு மாதிரி கைகொடுத்தது; ஒரே ஆய்வுக்குள் இருக்கும் வேறுபாட்டையும் ஆய்வுகளுக்கு இடையே இருக்கும் வேறுபாட்டையும் அது தனித்தனியாகக் கணக்கிடும். சூழலையும் திருப்தியையும் ஒரே ஊழியர் ஒரே படிவத்தில் நிரப்பிய ஆய்வுகளைத் தனியாகக் குறித்து வைத்தேன். அவற்றில் தொடர்பு ஊதிப் பெருக வாய்ப்புண்டு, எந்தத் திருத்தமும் அதை முழுசாகச் சரிசெய்யாது.