போர்க்கால டைரியைத் திரைக்கதையாக்குவது எப்படி: எழுதுகிறவளுக்கு முடிவு தெரியாது

முதலில் டைரியின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்து, பிடிபட்டு, முகாமில் இறந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் கடைசிப் பதிவில் இருக்கும் தேதி 1944 ஆகஸ்ட் 1. அதில் குண்டு இல்லை, சாவு இல்லை. தனக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள், எதையும் கேலியாக்கித் திரிகிறவள் ஒருத்தி, யாருக்கும் முகம் காட்டாத அமைதியானவள் இன்னொருத்தி என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் தன்னைப் பற்றியே குடைந்துகொண்டிருக்கிறாள். ஆகஸ்ட் 4 அன்று போலீஸ் வந்துவிட்டது. டிக்கெட் வாங்கி உள்ளே வருகிற எல்லோருக்கும் இது தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. இந்த மாதிரிப் படத்தில் நீங்கள் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்ற வேண்டியது அந்தத் தெரியாமையைத்தான், மற்றதெல்லாம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

இது எங்கே சறுக்கும் என்பதற்கு அவள் டைரியிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. 1943 நவம்பர் 11 பதிவு, அவளுடைய பேனாவைப் பற்றியது. ஒன்பது வயதில் பாட்டி கொடுத்த பேனா. ஒரு நாள் மேசையில் அவரையைச் சுத்தம் செய்யும்போது குப்பையோடு குப்பையாக அடுப்புக்குள் போய்விடுகிறது. மறுநாள் அப்பா சாம்பலைக் கிளறினால் பேனாவின் கிளிப் மட்டும் கிடைக்கிறது. சரி, ஒரு ஆறுதல், என் பேனாவுக்குத் தகனம் நடந்துவிட்டது, எனக்கும் பிற்காலத்தில் அப்படித்தான் வேண்டும் என்கிற பொருளில் முடிக்கிறாள். இதைப் படித்ததும் உங்கள் கை தானாக வயலினைத் தேடும், அடுப்பு நெருப்புக்கு ஒரு க்ளோஸ்-அப் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். அவள் எழுதியது நகைச்சுவை. நடிக்கிற பெண் அதை ஜோக்காகவே சொல்லட்டும், சுற்றி இருப்பவர்கள் சிரிக்கட்டும், அடுத்த சீனுக்குப் போய்விடுங்கள். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு வயிற்றைப் பிசையும், ஆனால் அது அவன் பாடு.

அப்புறம், டைரி கையில் கிடைத்ததும் சீன் பிரிக்க உட்கார்ந்துவிடாதீர்கள், எந்த டைரி என்று முடிவு செய்யுங்கள். ஆனின் டைரி ஒன்று இல்லை. 1942 ஜூன் 12, பதின்மூன்றாவது பிறந்தநாளில் கிடைத்த சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட நோட்டில் ஆரம்பித்து எழுதிவந்தது ஒன்று. 1944 மார்ச் 28 அன்று, லண்டனில் இருந்த டச்சு அரசின் அமைச்சர் போல்கஸ்டைன், மக்களின் டைரிகளையும் கடிதங்களையும் போருக்குப் பிறகு சேகரிக்க வேண்டும் என்று ரேடியோவில் பேசியதைக் கேட்டுவிட்டு, மே 20 முதல் தனித் தாள்களில் அவளே திருத்தி எழுதியது இரண்டாவது. இரண்டையும் கலந்து அப்பா ஓட்டோ தொகுத்து 1947-இல் வெளியிட்டது மூன்றாவது. புத்தகத்துக்கு அவள் யோசித்து வைத்திருந்த தலைப்பை நம் ஊர் வார்த்தையில் சொன்னால் ‘பின்கட்டு’, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சிக்கல், 1942 டிசம்பரிலிருந்து ஓராண்டுக்கு முதல் பிரதி கிடைக்கவே இல்லை, திருத்திய தாள்கள் மட்டும்தான் உண்டு. அதாவது பதின்மூன்று பதினான்கு வயது ஆன் பேசுவதாக நாம் படிப்பது, அந்த ஓராண்டு மட்டும், பதினைந்து வயது ஆன் ஞாபகத்தோடு மெருகேற்றியது. இதைக் கவனிக்காமல் எழுதினால் படத்தின் நடுவில் பிள்ளை திடீரென்று பெரிய மனுஷியாகிவிடுவாள். கவனித்தால் உங்களுக்கு ஒரு நல்ல சீன் கிடைக்கும்: தன் பழைய பக்கங்களையே படித்துச் சங்கடப்படுகிற ஒரு எழுத்தாளர். 1944 ஜனவரி 2 பதிவில் அதுதான் நடக்கிறது, அம்மாவைப் பற்றி எழுதியதையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு வெறுப்பையா கொட்டியிருக்கிறேன் என்று திகைக்கிறாள்.

ஒரு பெரிய தாளில் இரண்டு பத்தி போடுங்கள், எழுதிய நாள் ஒன்று, நடந்த நாள் இன்னொன்று. அக்கா மார்கோட்டுக்கு ஜெர்மானிய வேலை முகாமுக்கு ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்தது 1942 ஜூலை 5, குடும்பம் வீட்டைவிட்டு ஒளிவிடத்துக்குப் போனது மறுநாள், எழுதியது 8-ஆம் தேதி. இந்த இடைவெளிகளில்தான் திரைக்கதை இருக்கிறது, ஏனென்றால் அந்த மூன்று நாளில் அவள் பேசவில்லை, செய்துகொண்டிருந்தாள்.

எண்ணங்களைத் தள்ளிவைத்துவிட்டுக் கை, கால், சாமான் எதையாவது தேடுங்கள். எனக்குப் பிடித்தது அவரை மூட்டை, 1942 நவம்பர் 9. மூட்டைகளை மாடிக்கு ஏற்றும்போது, கூட ஒளிந்திருந்த இன்னொரு குடும்பத்துப் பையன் பீட்டர் தூக்கிய ஒன்று தையல் விட்டுப் படிக்கட்டில் கொட்டுகிறது, கீழே நிற்கிற ஆனின் கணுக்காலைச் சுற்றி அவரைக் கடல், மேலே பீட்டர் ஒரு நொடி வெலவெலத்துப்போய் அப்புறம் விழுந்து விழுந்து சிரிக்கிறான். சத்தம் போட்டால் உயிர் போகும் வீட்டில் இவ்வளவு சத்தம், அதுவும் சிரிப்பு வருகிற மாதிரி. ஒரு வசனம் வேண்டாம். அதோடு விடாதீர்கள், அதற்குப் பிறகு படி ஏறும்போதெல்லாம் யாராவது குனிந்து மூலையில் கிடக்கும் அவரையைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள் என்று எழுதியிருக்கிறாள். படம் முழுக்க அங்கங்கே அதைச் செய்யவிட்டால் நாள் போவது தானாகத் தெரியும், ‘ஆறு மாதம் கழித்து’ என்று கார்டு போட வேண்டியதில்லை. சுவரில் ஓட்டோ பென்சிலால் குறித்துவந்த உயரக் கோடுகளும் அப்படித்தான், ஒளிந்திருந்த இரண்டு வருடத்தில் ஆன் 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கிறாள். உடை டிபார்ட்மென்டுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், சட்டைக் கை குட்டையாகிக்கொண்டே வரட்டும்.

சத்தத்தைப் பற்றித் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். பிரின்சன்கிராக்ட் 263-இல் கீழே கிடங்கு, அங்கே வேலை செய்தவர்களுக்கு மேலே எட்டுப் பேர் இருப்பது தெரியக்கூடாது. ஆகவே வேலை நேரம் முழுக்கக் காலணி இல்லை, குழாய் இல்லை, கழிப்பறையில் தண்ணீர் விடக்கூடாது. ஆள் போனதும் வீடு மூச்சு விடும். பக்கத்தில் தேவாலய கோபுரத்தின் மணி, 1943 ஆகஸ்டில் ஒரு வாரமாக அது அடிக்காததால் நேரமே குழம்பிப்போனதாக எழுதுகிறாள். பின்னணி இசைக்காரரை அழைப்பதற்கு முன் இந்த மணியை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள். (இந்த டைரியை வைத்து 1959 படத்தை எடுத்த ஜார்ஜ் ஸ்டீவன்ஸுக்குக் கிடைத்தது அகலத்திரை, ஒடுங்கிய வீட்டைக் காட்ட அது தோதில்லை என்று தூண்களையும் உத்தரங்களையும் வைத்து ஃப்ரேமை இறுக்கினார். உங்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம், சின்ன ஃப்ரேமிலேயே ஆரம்பியுங்கள்.)

வாய்ஸ் ஓவர். எல்லோரும் விழுகிற பள்ளம். டைரியை வாசித்துக்காட்ட வேண்டுமென்றால் ஒலிப்புத்தகம் போதும். படமும் குரலும் ஒன்றையொன்று மறுக்கும் இடத்தில் மட்டும் குரலை வையுங்கள். அவளே ஒளிவிடத்துக்கு ஒரு ஓட்டல் விளம்பரம் மாதிரி எழுதியிருக்கிறாள், நாகரிகமானவர்களின் மொழி மட்டுமே அனுமதி, அதனால் ஜெர்மன் கூடாது என்று அதில் ஒரு விதி. எழுதியது ஜெர்மனியில் பிறந்த பெண், கூட இருந்த பெரியவர்களில் பலருக்கு டச்சு தடுமாற்றம். அந்தக் குரலுக்கு அடியில் எட்டுப் பேர் ஒரே மேசையில் இடித்துக்கொண்டு சாப்பிடுவதைக் காட்டினால், அது வாய்ஸ் ஓவர். தமிழில் பேசவைக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து மேடைத் தமிழ் வேண்டாம், அவள் வாயாடி.

குரலே இல்லாத டைரிக்கு என்ன செய்வது? அதே போரில் ஜெர்மன் படை சூழ்ந்து பட்டினி போட்ட லெனின்கிராட் முற்றுகையில் தான்யா சாவிச்சேவா என்ற பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுமி எழுதியது ஒன்பதே பக்கம். அக்கா நீனாவின் நோட்டு, அகர வரிசையில் எழுத்து அச்சிட்ட பக்கங்கள், அந்தந்தப் பெயருக்குரிய எழுத்தில் யார், எந்த நாள், எத்தனை மணிக்கு இறந்தார் என்று மட்டும். 1941 டிசம்பர் 28 அன்று அக்கா ஷென்யா, ஜனவரியில் பாட்டி, 1942 மே 13 காலை ஏழரைக்கு அம்மா. கடைசி மூன்று பக்கத்தில், சாவிச்சேவ்கள் இறந்துவிட்டார்கள், எல்லோரும் இறந்துவிட்டார்கள், தான்யா மட்டும் மிச்சம். இதைப் படமாக்க உணர்ச்சியைச் சேர்க்காதீர்கள், கடிகாரத்தைச் சேருங்கள், அந்தப் பிள்ளை மணி பார்ப்பதைக் காட்டுங்கள். ஆனால் அவள் எழுதியது சரியில்லை: நீனாவும் அண்ணன் மிகைலும் உயிரோடுதான் இருந்தார்கள், நகரைவிட்டு வெளியே. இறந்துவிட்டதாக நினைத்த அக்காவின் நோட்டில்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நீனா எங்கோ ரொட்டி வாங்குவதை நடுவில் வெட்டிக் காட்ட உங்கள் எடிட்டர் ஆசைப்படுவார். கூடாது. 1944 ஜூலை 1 அன்று தான்யா இறந்த பிறகு வேண்டுமானால்.

கற்பனை சேர்ப்பதில் ஒரு எச்சரிக்கை. டைரியில் வில்லனாக வருகிறவருக்கும் வீட்டில் ஆள் இருக்கிறார்கள். ஆன் தன் அறையைப் பகிர்ந்த பல் மருத்துவர் ஃபிரிட்ஸ் ஃபெஃபரைப் பொறுக்க மாட்டாமல் எழுதினாள், அது ஒரு பதின்வயதுப் பெண்ணின் உரிமை. டைரியை வைத்துப் போட்ட 1955 நாடகம் அதற்கும் மேலே போய், மதப்பற்றுள்ள அந்த மனிதரை யூதப் பண்டிகையே தெரியாதவராக்கியது, அவருடைய துணைவி கொதித்துப்போனார். பீட்டரின் அப்பா இரவில் ரொட்டி திருடும் காட்சியும் நாடகம் சேர்த்ததுதான், டைரியில் கிடையாது. அவள் கோபத்தை அவள் பார்வையாகவே காட்டுங்கள், கேமரா அவரோடு தனியாக ஒரு நிமிடம் இருக்கட்டும்.

உரிமை விஷயம் சுருக்கமாக: எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு பக்கம்கூட எழுதாதீர்கள். ஆனின் எழுத்துரிமை ஓட்டோ 1963-இல் பாசலில் அமைத்த அறக்கட்டளையிடம் இருந்துவருகிறது, ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் வேறு நிறுவனம். வீட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே கேட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

முடிவுக்கு வருவோம். கைது டைரியில் இல்லை, இருக்கவும் முடியாது. ஸ்டீவன்ஸ் முதலில் ஆன் முகாமில் நிற்பதோடு முடித்தார், முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு அதை வெட்டினார்கள். எனக்குக் கேட்டால் வீட்டைவிட்டே கேமரா வெளியே போக வேண்டாம். கைது செய்ய வந்த அதிகாரி நகையை அள்ளிப்போட ஒரு பை தேடினார், டைரித் தாள்கள் இருந்த ஓட்டோவின் தோல்பையை எடுத்துக் கவிழ்த்தார், தாளெல்லாம் தரையில் கொட்டியது. எல்லோரையும் கொண்டுபோன பிறகு, உதவிவந்த மீப் கீஸ் மேலே வந்து அவற்றைப் பொறுக்கினார், படிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்தார். படித்திருந்தால் எரித்திருப்பேன், உதவியவர்கள் பெயரெல்லாம் அதில் இருந்தது என்று பின்னாளில் சொன்னார். இழுப்பறை மூடுகிற சத்தத்தோடு கட்.